முதலில் ஒரு கோல் போஸ்ட் நடுங்கள்

தமிழில் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லாத விளையாட்டுக்காக வழக்காட வந்திருக்கிறேன். நம் நாளிதழ்களில் கைப்பந்து என்றால் அது வாலிபால். எறிபந்து என்று எழுதினால் பாதிப் பேர் த்ரோபால் என்று எடுத்துக்கொள்வார்கள். மிச்சப் பேருக்கு ஒன்றும் புரியாது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் 'ஆண்ட்பால்' என்கிறார்கள். சான்றிதழில் ஹேண்ட்பால் என்று இருக்கும். நானும் அப்படியே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஓர் அணிக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். ஆடுகளம் 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். அதைச் சுற்றி 6 மீட்டரில் ஒரு வளைகோடு. அதற்குள் கீப்பரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக் கூடாது, ஆனால் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பிக் குதித்து, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறியலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றே எட்டு, மூன்றே நொடி. பிறகு தட்ட வேண்டும், அல்லது கொடுக்க வேண்டும், அல்லது எறிய வேண்டும். அரை மணி நேரமாக இரண்டு பாதி. நின்று யோசிக்க நேரமில்லாத ஆட்டம்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் ஊர் விளையாட்டு ஆர்வலர்கள் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "லீக் ஒண்ணு வந்துட்டாப் போதும் சார், பெறகு பாருங்க." டிவியில் காட்டினால், வண்ண விளக்கு போட்டால், வெளிநாட்டு ஆட்டக்காரர் நாலு பேரை இறக்கினால், குமாரலிங்கபுரத்துப் பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பொய் என்பது என் கட்சி. வெறும் பொய் என்றால்கூட விட்டுவிடலாம். செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யாமல் இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் சாக்கு அது.

லீக் வராமல் இல்லை, வந்தது. பிரீமியர் ஹேண்ட்பால் லீக்கின் முதல் சீசன் 2023 ஜூன் 8 முதல் 25 வரை ஜெய்ப்பூரில், சவாய் மான்சிங் உள்ளரங்கில் நடந்தது. மகாராஷ்டிரா அயர்ன்மென், கோல்டன் ஈகிள்ஸ் உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பேட்ரியாட்ஸ், தெலுகு டாலன்ஸ், கர்வித் குஜராத், டெல்லி பான்சர்ஸ் என்று ஆறு அணிகள். ஸ்போர்ட்ஸ்18, ஜியோசினிமா இரண்டிலும் காட்டினார்கள். இறுதிப் போட்டியில் உத்தரப் பிரதேச அணியை வீழ்த்தி மகாராஷ்டிரா கோப்பையை எடுத்தது. ஆட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். நம் பையன்கள் நன்றாகவே ஆடினார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 18 நாள், ஒரே ஊர், ஒரே அரங்கம். தெலுகு என்று பெயர் வைத்த அணி தெலுங்கு மண்ணில் ஒரு பந்துகூடத் தட்டவில்லை. குஜராத் அணிக்கும் டெல்லி அணிக்கும் அதே கதைதான். தமிழ்நாட்டின் பெயரில் அணியே கிடையாது. பெண்களுக்கு? ஓர் அணிகூட இல்லை. இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மார்ச்சில், அல்மாட்டியில் நடந்த ஆசிய ஜூனியர் போட்டியில் பட்டம் வென்றவர்கள் இந்தியப் பெண்கள்தான். ஜெயித்தவள் வீட்டில் இருக்க, கல்யாண ஊர்வலத்தை ஆண்களை வைத்து நடத்தினார்கள்.

உடனே "கபடியைப் பாருங்க" என்பார்கள். பார்ப்போம். புரோ கபடி 2014இல் தொடங்கியது, தமிழ் தலைவாஸ் 2017இல் வந்தது. அதனால்தானா எங்கள் பக்கம் கபடி வளர்ந்தது? பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் டியூப்லைட் கட்டி, ராத்திரி முழுக்க நடந்த கபடிப் போட்டிக்கு எத்தனை தலைமுறை வயசு? ஊர்தோறும் அணி இருந்தது, பரிசு கொடுக்க ஆள் இருந்தது, 'எங்க ஊரு டீமு' என்று சண்டைக்குப் போக நாலு பேர் இருந்தார்கள். லீக் விளைந்த காட்டில் வந்து கதிரறுத்தது. விதைக்காத காட்டில் அரிவாளோடு போய் நின்றால் என்ன கிடைக்கும்? ஹேண்ட்பால் விஷயத்தில் நாம் செய்தது அதுதான்.

லீக் பக்தர்கள் கைகாட்டும் இடம் ஐரோப்பா. அங்கேயே போவோம். ஐரோப்பிய ஹேண்ட்பால் சாம்பியன்ஸ் லீக் செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. 2020-21இல் வந்த முறைப்படி 16 கிளப்கள், எட்டெட்டாக இரண்டு பிரிவு. குரூப் சுற்றில் மட்டும் ஒவ்வொரு கிளப்புக்கும் 14 ஆட்டம், அதில் சரிபாதி ஏழு ஆட்டம் சொந்த ஊரில். வேலை நாளின் சாயங்காலம் ஆட்டம். அந்த ஊர்க்காரர்கள் வேலை முடிந்து நேராக அரங்கத்துக்குப் போகிறார்கள். கடைசி நாலு அணிகள் மட்டும்தான் ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெரிய அரங்கில் கூடுகின்றன. நம் ஆட்கள் யூடியூபில் பார்ப்பது அந்தக் கடைசி இரண்டு நாளை. அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தை யாரும் பார்ப்பதில்லை.

2013-14 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையை வென்றது ஃபிளென்ஸ்பூர்க்-ஹாண்டெவிட் என்ற அணி. அரையிறுதியில் பார்சலோனாவுக்கு எதிராகப் பின்தங்கிக் கிடந்து, எழுந்து, கூடுதல் நேரமும் தாண்டி, ஏழு மீட்டர் எறிதலில் 41-39 என்று ஜெயித்தார்கள். மறுநாள் இறுதியில் கீல் அணியை 30-28. கால்பந்தில் உலகமே தெரிந்து வைத்திருக்கும் பார்சலோனாவின் ஹேண்ட்பால் அணியை வீழ்த்திய ஃபிளென்ஸ்பூர்க் எவ்வளவு பெரிய நகரம் தெரியுமா? டென்மார்க் எல்லையோரத்தில், ஏறக்குறைய 90 ஆயிரம் பேர் இருக்கிற ஊர். 2011 கணக்கெடுப்பில் அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 87 ஆயிரத்துச் சொச்சம்.

இன்னொரு தடவை சொல்கிறேன். அருப்புக்கோட்டை அளவு ஊர் ஐரோப்பாவை ஜெயித்தது.

பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாண்டெவிட் எது? ஃபிளென்ஸ்பூர்க்குக்கு வெளியே இருக்கும் சிற்றூர், சுமார் 11 ஆயிரம் பேர். 1990இல் நகரத்துக் கிளப்பும் இந்த ஊர்க் கிளப்பும் சேர்ந்து ஒரே அணியானபோது, சின்ன ஊரின் பெயரைத் தூக்கிப் போடவில்லை. நம் பக்கம் சொல்வதானால் அந்த அணியின் பெயர் 'அருப்புக்கோட்டை–குமாரலிங்கபுரம்'. அந்தப் பெயரோடு பார்சலோனாவை அடித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், கும்மர்ஸ்பாக் என்று இன்னொரு ஜெர்மன் ஊர். ஐம்பதாயிரம் பேர்தான். 1967க்கும் 1983க்கும் நடுவில் ஐந்து முறை ஐரோப்பியக் கோப்பை.

இது எப்படி நடக்கிறது என்றால், அங்கே கிளப் என்பது முதலாளி ஏலத்தில் எடுக்கிற சரக்காகத் தொடங்கவில்லை. ஊர்க்காரர்கள் சந்தா கட்டிப் பதிவு செய்துகொண்ட சங்கம் அது. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஓர் அணி, ஒன்பது வயசுக்கு ஓர் அணி, பெண்களுக்கு, ஐம்பது தாண்டியவர்களுக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும். தச்சு வேலை செய்பவரும் பள்ளி ஆசிரியையும் சாயங்காலம் வந்து சம்பளமில்லாமல் பயிற்சி கொடுப்பார்கள். மேலே டிவியில் தெரியும் அணிக்குப் பெரிய கம்பெனி விளம்பரம், கோடிக் கணக்கில் சம்பளம் எல்லாம் உண்டு. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அந்த அடுக்கின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அடுக்கே இல்லாமல் உச்சியை மட்டும் வாங்கி வந்து ஜெய்ப்பூரில் வைத்தோம்.

"அவன் பணக்கார நாடு, நாம என்ன செய்ய?" இது அடுத்த சாக்கு. இந்த ஆட்டத்தின் பிறப்பைப் பார்த்தால் இந்தச் சாக்கு நிற்காது. டென்மார்க்கில் ஓர்ட்ரூப் என்ற ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹோல்கர் நீல்சன், மாணவர்களுக்காக இதை உருவாக்கி 1906இல் விதிகளை அச்சிட்டார். பெர்லினில் மாக்ஸ் ஹைசர் என்பவர் 1917 அக்டோபரில் தன் விதிகளை எழுதினார். எந்த பெர்லின்? உலகப் போரின் நடுவில், உருளைக்கிழங்கும் கிடைக்காமல் மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று ஒரு குளிர்காலத்தைக் கடத்திய பெர்லின். யாருக்காக எழுதினார்? பெண்களுக்காக. இரண்டு ஆண்டு கழித்து கார்ல் ஷெலன்ஸ் என்ற உடற்கல்வி ஆசிரியர் அதைத் திருத்தி ஆண்களும் ஆடும்படி செய்தார். பள்ளி வாத்தியார்கள் உண்டாக்கி, பட்டினி ஊரில் பெண்கள் ஆடித் தொடங்கிய விளையாட்டு இது. ஏழைக்கு ஆகாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். ஆடுகளம் 40க்கு 20. ஓரத்தில் விழுந்து எழ இடம் விட்டாலும் கால் ஏக்கருக்குள் அடங்கிவிடும். ஆனால் அது கரிசலில் அமைந்தால் ஆட்டமே வேறு. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பந்தைத் தட்டினால் வெடிப்பின் விளிம்பில் பட்டு எங்கோ போகும். ஐப்பசியில் மழை விழுந்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் சேறு, பந்து எழும்பவே எழும்பாது. மூன்று எட்டுக்கு மேல் போக வேண்டுமானால் தட்டித்தான் ஆக வேண்டும் என்பது விதி. பந்து எழும்பாத தரையில் தட்டுவது எப்படி? அதனால் எங்கள் பிள்ளைகள் தட்டாமலே ஆடப் பழகுகிறார்கள், மூன்று எட்டுக்குள் கொடுத்துவிடுவது. மாவட்டத்துக்கு வெளியே சிமெண்ட் தளத்தில் ஆடப் போனால் எதிரணிப் பையன் தட்டிக்கொண்டே புகுந்து போவதை வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு ஒருவர் சொல்வார், "கிராமத்துப் பிள்ளைகளுக்கு டெக்னிக் பத்தாது" என்று. இன்னொருவர் ஆறுதல் சொல்வார், "காட்டு வேலை பாத்த கை, இயற்கையிலேயே வலு இருக்கு" என்று. இரண்டுமே தப்பு. டெக்னிக் என்பது தரையில் இருக்கிறது. செவல் மண் நாலு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினால் வரும். 800 சதுர மீட்டருக்கு 80 கன மீட்டர் செவல். அவ்வளவுதான் அந்த 'டெக்னிக்'.

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2006இல் வந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம், ஒரு விளையாட்டுத் திடல் என்று அமைத்தார்கள். 2024இல் கலைஞர் பெயரில் 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணப் பைகள் கொடுக்கும் திட்டம் வந்தது. எந்த ஆட்சி வந்தாலும் பொருள் வருகிறது. குறை அங்கே இல்லை. அண்ணா திடலில் பாதி இன்றைக்குச் சீமைக் கருவேலங்காடு. எங்கள் பக்கம் அது வெறும் முள்செடி கிடையாது. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கினால் காசு. அதனால் திடலில் கருவேலம் முளைத்தால் பதறுகிறவர்களைவிட, 'வளரட்டும், வெட்டிக்கிடலாம்' என்று காத்திருப்பவர்கள் அதிகம். உபகரணப் பை வந்ததும் பத்திரமாகப் பீரோவில் ஏறியது. சாவி ஒருவரிடம். அவர் ஊரில் இல்லை. பந்து வருகிறது, அதை அவிழ்த்துக் காற்றடித்துத் தரையில் போடும் ஆள் வரவில்லை.

அந்த ஆள் யார்? பி.டி. வாத்தியார். ஹோல்கர் நீல்சனின் வாரிசு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநராவது வேண்டும் என்கிறது. அதன்படி தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி மூன்றுக்குமாக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய், மே மாதம் சம்பளம் கிடையாது. அவர்கள் சென்னைக்கு வந்து தெருவில் உட்கார்ந்து, கைதாகி, மறுபடி உட்கார்ந்து, பத்தாண்டுக்கு மேலான பிறகு அது 12,500க்கு ஊர்ந்து வந்தது. மூன்று அரை நாளில் ஓர் அணியை உண்டாக்க முடியுமா? ஹேண்ட்பால் சாயங்கால விளையாட்டு. பகுதிநேர வாத்தியார் பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பி, பிழைப்புக்கு வேறு வேலைக்குப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 18 நாள் விளக்கு போடக் காசு இருக்கிற நாட்டில், ஒரு வாத்தியாருக்கு 12 மாதச் சம்பளம் கொடுக்கக் காசில்லை என்று சொல்பவர்களிடம்தான் என் சண்டை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. "அதெல்லாம் சரி, எங்க பக்கம் பிள்ளைக ஹேண்ட்பால் ஆடுறதே சர்டிபிகேட்டுக்குத்தானே?" ஆமாம். கபடிக்கும் வாலிபாலுக்கும் போட்டி ஜாஸ்தி, ஹேண்ட்பாலில் அணி கம்மி, சீக்கிரம் மாநில அளவுக்குப் போய்விடலாம், கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலையின் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் உதவும் என்று கணக்குப் போட்டே பல பள்ளிகள் இதை எடுக்கின்றன. இதை இழிவாகப் பேசும் நகரத்து நண்பர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உங்கள் பிள்ளை பியானோ கற்றுக்கொள்வதும் வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எழுதத்தானே? மழை பொய்த்தால் பிழைப்பு பொய்க்கும் காட்டில் ஒரு தாய், "இந்தப் பந்து உனக்குச் சோறு போடுமா?" என்று கேட்பாள். கேட்கத்தான் வேண்டும். "காலேஜ் சீட்டு வாங்கித் தரும்மா" என்று பிள்ளை சொல்ல முடிவதால்தான் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது வெளியே வர முடிகிறது. சான்றிதழ் இந்த ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் அதைச் சாகாமல் வைத்திருப்பதே அதுதான். தப்பு எங்கே என்றால், சான்றிதழ் கையில் வந்த மறுநாள் ஆட்டம் முடிந்துவிடுவதில். ஆடியவளுக்கு அடுத்து ஆட ஓர் அணி இல்லை, ஊரில் கிளப் இல்லை.

ஆடியவள் என்று வேண்டுமென்றே எழுதினேன். பையனாவது கண்மாய்க்கரையில் கிரிக்கெட் ஆடுவான். பெண் பிள்ளைக்குப் பள்ளி முடிந்தால் திடல் முடிந்தது. பிறகு மில் வேன், தீப்பெட்டி, பட்டாசு, இல்லையென்றால் கல்யாணம். அந்த வேன் வருகிற பாதையில்தான் என் கடைசி வாதம் இருக்கிறது.

2023 மார்ச்சில், அதாவது ஜெய்ப்பூர் லீக்குக்கு மூன்று மாதம் முன்னால், பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காக்கள் ஏழு அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டுக்கானது எங்கள் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கர். ஒரு பூங்காவால் ஒரு லட்சம் பேருக்கு நேரடி வேலை என்பது அரசு சொன்ன எதிர்பார்ப்பு. ஜவுளி என்றால் வேலைக்கு வரப்போவது பெரும்பாலும் பெண்கள், அதுவும் இளம் பெண்கள். நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. அந்த 1,052 ஏக்கரில் கால் ஏக்கர் ஒன்றைக் கேட்டால் அது பைத்தியக்காரத்தனமா?

ஐரோப்பாவில் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. ஹங்கேரியில் கியோர் நகரத்துப் பெண்கள் அணி சாம்பியன்ஸ் லீக்கை 2013, 2014, 2017, 2018, 2019 ஆண்டுகளில் வென்று, மறுபடி 2024, 2025லும் வென்றது. அந்தக் கிளப் ரயில் பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கிளப்பாகத் தொடங்கியது. இன்று அந்த ஊரில் இருக்கும் ஆடி கார் தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கிறது. செர்பியாவின் ஷாபாட்ஸ் சிறு நகரம். அங்கே 1985, 1986 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்த ஆண்கள் அணியின் பெயர் மெட்டலோபிளாஸ்டிகா, அது உள்ளூர் ஆலையின் பெயர். ஆலையும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று ஆகாது என்று யார் சொன்னது? நமக்கே ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல்துறை அணிகள் எத்தனை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சம்பளமும் பந்தும் சேர்த்துக் கொடுத்திருக்கின்றன. தனியார் ஆலை என்று வந்ததும் மட்டும் தொழிலாளிக்கு எட்டு மணி நேர உடம்பு போதும், மிச்ச உடம்பு எதற்கு என்று ஆகிவிடுகிறது.

ஷிஃப்ட் முடிந்த பெண்கள் விளக்கு வெளிச்சத்தில் பந்து எறிவது ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், 1917இன் பெர்லினை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். ஹாஸ்டல் கேட்டைப் பூட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பூட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது. ஏழு பேர் சேர்ந்து ஆடி, ஒருத்திக்கு ஒன்று என்றால் மற்ற ஆறு பேரும் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்தால் கொஞ்சம் வரும்.

ஆகவே லீக் வேண்டாம் என்கிறேனா? வரட்டும், பத்து வரட்டும். ஆனால் அடுத்த தடவை தமிழ்நாட்டுக்கு ஓர் அணி என்று யாராவது விளம்பரத்தோடு வந்து நின்றால், முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஆட்டம் எந்த ஊரில், எத்தனை மாதம், பெண்களுக்கு அணி உண்டா, பயிற்சிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? பதில் இல்லையென்றால் அது விளையாட்டு இல்லை, 18 நாள் பொருட்காட்சி.

நான் கேட்பது சின்னப் பட்டியல். ஊராட்சித் திடலில் கருவேலத்தை வேரோடு எடுத்துச் செவல் அடித்த கால் ஏக்கர். அருப்புக்கோட்டை வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் அடித்த இரண்டு கோல் போஸ்ட். முழுநேரச் சம்பளத்தில் ஒரு பி.டி. வாத்தியார், முடிந்தால் ஒரு டீச்சர். படிப்பு முடித்தவர்களும் மில்லுக்குப் போகிறவர்களும் சந்தா கட்டிச் சேர ஒரு சங்கம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை பூட்டாத கேட். ஒன்றியத்துக்குப் பத்து ஊர் இப்படி ஆடினால், ஞாயிற்றுக்கிழமை ஒரு ஊர் இன்னொரு ஊருக்குப் போய் ஆடும். திரும்பி இவர்கள் ஊருக்கு அவர்கள் வருவார்கள். அப்படி வைகாசி வரை நடந்தால் அதற்குப் பெயர்தான் சீசன்.